தாய்மாமன் போட்ட மாத்திரை

மாரிக்கண்ணன் சங்கரன்கோவிலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவர். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பேச ஆள் கிடையாது. டீ கிளாஸைத் தூக்கினால் பாதி டீ சட்டைக்குப் போகும், அப்படி ஒரு கை நடுக்கம். ஊர் சும்மா இருக்குமா? குடிகாரன் என்று முத்திரை குத்திவிட்டது.

அது அப்பாவிடமிருந்து வந்த நடுக்கம். சொன்னால், தங்கை இசக்கிச்செல்வியின் மாமியார் அவளையும் பிள்ளையையும் சேர்த்து வியாதிக் குடும்பம் என்பாள். அதனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தப் பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். ஊசி வரும் நேரம் பிடித்த கை ஆடினால்? ஒரு சின்ன உயிர் தன் மடியில் உட்காரப் போகிறது என்பதே அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

திருநெல்வேலி டாக்டர் பிரிமிடோன் எழுதிக்கொடுத்தார். வலிப்புக்கான பழைய மருந்து, நடுக்கத்துக்கும் கேட்கும். வீட்டுக்கு வந்து அதன் அமைப்பை வரைந்து பார்த்தார் வாத்தியார். ஃபீனோபார்பிட்டால் என்ற பழைய தூக்க மருந்தில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு இரண்டு ஹைட்ரஜனை வைத்தால் பிரிமிடோன். உள்ளே போனதும் கல்லீரல் அதில் ஒரு பங்குக்கு அந்த ஆக்சிஜனை நிதானமாகத் திருப்பிச் சேர்த்துவிடும். "அட கெட்டிக்காரா!" என்று தாளைப் பார்த்துச் சொன்னார். வேறு யாரிடம் சொல்ல?

ராத்திரியில் கால் மாத்திரை போட்டு மெதுவாகக் கூட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். காதுகுத்தோ நெருங்கிவிட்டது. வாத்தியாருக்குத்தான் எல்லாம் தெரியுமே! காதுகுத்தன்று காலையில் முழு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்.

கை அடங்கிவிட்டது. ஆனால் தலை சுற்றியது, கால் பின்னியது, நாக்கு குழறியது. தூணைப் பிடித்துப் பிடித்து வந்தவரைக் கண்டதும் மாமியார், இசக்கிச்செல்வியின் சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள்.

"ஏ ராமசுப்பு, நீயும் மாமன் முறைதானய்யா. நீ உக்காரு."

அவன் மடியில் வைத்தே குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுதது. ஓரமாக உட்கார்ந்திருந்த மாரிக்கண்ணனிடம் கலங்கிய கண்ணோடு வந்தாள் தங்கை.

"ஏண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது குடிக்காம வந்திருக்கக் கூடாதா?"

மாத்திரை என்று சொல்ல வாயெடுத்தார். மாமியார் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"தப்புத்தான் தாயி," என்றார். "காலையிலயே குடிச்சிட்டேன்."