அலமாரிக்குள் நாலு விநாடி

எங்கள் வீட்டுத் துணி அலமாரிதான் என் அலுவலகம். தொங்கும் சட்டைகளும் புடவைகளும் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால், உள்ளே ஒரு முக்காலி போட்டு, மடிக்கணினியும் ஹெட்போனுமாக உட்கார்ந்துவிடுவேன். ‘அலமாரி அம்மணி’ என்பார் என் கணவர். அவருக்கென்ன, வாய் சும்மா இருக்காது.

தொலைவிலுள்ள நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அவர் மொழியில் கேட்பதைத் தமிழில் சொல்வேன். தமிழ் மட்டுமே தெரிந்தவர் சொல்லும் பதிலை நீதிபதியின் மொழிக்கு மாற்றுவேன். யார் பேசினாலும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், அது தொழில் விதி. மாலைக்குள் திருடனாகவும் போலீஸாகவும் இருந்துவிட்டு எழுந்தால், கதவைத் திறக்கும் கை யாருடையது என்று சந்தேகம் வரும்.

அன்று நீதிமன்றத்துக்கு வந்தவள் சலவைக்கடையில் வேலை பார்ப்பவள். பிரிந்துபோன புருஷன் ஆறு வயது மகளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி வழக்குப் போட்டிருந்தான். இணைப்பு சரியில்லை. திரையில் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசைந்தார்கள். நான் பேசியது அங்கே ஒலிபெருக்கியில் கேட்டு என் காதுக்கே திரும்ப நாலு விநாடி ஆனது. நீதிபதியிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த மிதப்பு சுகமாக இருந்ததால் விட்டுவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

குழந்தை உங்களோடு இருக்க வேண்டுமா என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வி. அவள் ஹெட்போனில் தமிழில் சொன்னேன்.

நாலு விநாடி கழித்துத்தான், “எங்கூடத்தான் இருக்கணும்” என்றாள்.

புருஷனின் வக்கீல் எழுந்தார். பெற்றவளுக்கு இதற்குக்கூட இத்தனை யோசனையா என்றார். நீதிபதி குறித்துக்கொண்டார். விதிப்படி அதையும் அவளுக்கு நான்தான் சொன்னேன்.

“நான் யோசிக்கவே இல்லையே” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன் என்று ஆரம்பித்து, தாமதம் இணைப்பினுடையது, முதலிலேயே சொல்லாதது என் தவறு என்றேன். நல்ல நேரத்தில் ஞாபகம் வந்தது என்று வக்கீல் சிரித்தார்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். மகளை வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சுவர்க்கடிகாரத்தையே பார்த்தார். மறுபடி அதே நாலு விநாடி.

“சிட்டு” என்றாள்.

பிள்ளை பேரைச் சொல்ல எந்தத் தாயும் யோசிப்பதில்லை என்றார் நீதிபதி. முன்பு குறித்ததை அடித்துவிட்டு, எல்லாக் கேள்விகளையும் நிதானமாக மறுபடி கேட்டார்.

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. சிட்டு அம்மாவோடுதான் இருப்பாள். அதைத் தமிழில் சொல்லி முடித்தேன். திரையில் அவள் இன்னும் பிள்ளையைப் பறிகொடுக்கப்போகிறவளாகவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நாலு விநாடியும் அவள் சந்தோஷம் என்னிடம் இருந்தது, புடவைகளுக்கு நடுவே, இருட்டில்.

பிறகு அவள் முகம் மெதுவாக நிமிர்ந்தது.