அவிழ்ப்பதற்கும் மதிப்பெண்

மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினால் அதற்கு ஒரு பேட்ஜ். காயத்துக்குத் துணி சுற்றினால் அதற்கு ஒரு பேட்ஜ். கூடாரத்து வாசலில் கூழாங்கல் அடுக்கிப் பாதை போட்டால் அதற்கும் மதிப்பெண் உண்டாம். தஞ்சாவூரிலிருந்து வந்த சாரணர் பையன்கள் எங்கள் வாய்க்காலுக்கு அக்கரையில், சந்தானகிருஷ்ணன் தோப்பில் முகாம் போட்டபோது இதையெல்லாம் வாய் ஓயாமல் சொன்னார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் துப்பட்டி முழுக்கப் பேட்ஜாகத் தைத்துக்கொண்டு திரிய வேண்டும். எனக்கு யாரும் ஒன்றும் தரவில்லை.

எங்கள் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் வீடுகள்தான். பஸ், பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் அக்கரை. நடுவில் ஓடுவது பெயருக்குத்தான் வாய்க்கால். ஆள் மட்டத்துக்குத் தண்ணீர், அடியில் காலை விடாத சேறு, மேலே ஆகாயத்தாமரை. மாசி கடைசி வரை வற்றாது. பனைமரத்தைப் போட்டு வைத்திருந்த பாலத்தை ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து மதகு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். பகலில் பரவாயில்லை. பொழுது சாய்ந்தால் மதகுக் கட்டையில் பாட்டிலோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

என் மகள் ஹஃப்ஸா பிளஸ் டூ படிக்கிறாள். சிறப்பு வகுப்பு முடிந்து அவள் பஸ் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். ஒருநாள் மதகடியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக் கொல்லை வரைக்கும் அவள் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். ஷார்ஜாவில் இருக்கிற என் கணவர், அவள் அத்தா மீரா உசேனிடம் நான் மறைக்கத்தான் பார்த்தேன். ஊரில் யாரோ போனில் சொல்லிவிட்டார்கள். உடனே படிப்பு போதும் என்றார். நானே போய் அழைத்து வருகிறேன் என்றேன். அந்த வழியில் இருட்டில் ஒருத்தி வருவதற்கு ரெண்டு பேர் வருவதா என்று கத்தினார். பாலத்துக்கு மனு கொடுத்திருக்கிறேன், கட்டாயம் வரும் என்று அடித்துச் சொன்னேன். மனு கொடுத்தது உண்மை. வரும் என்பது என் ஆசை. தை முடியட்டும், அதுவரை பொறுக்கிறேன், பாலம் வராவிட்டால் அவள் வீட்டோடு இருக்கட்டும் என்றார்.

தை பாதியில் வந்தார்கள் இந்தப் பையன்கள். ஆணி இல்லாமல், வெறும் மூங்கிலும் சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துப் பாலம் கட்ட வேண்டும், அதுதான் அவர்களுக்குப் பெரிய பரீட்சை. அணித்தலைவன் பெயர் நவநீத். பத்தாவது படிக்கிற, மீசை அரும்பிய பையன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று, உங்கள் கரையில் நாலு குழி தோண்டிக்கொள்ளலாமா ஆன்ட்டி என்று மரியாதையாகக் கேட்டான். நாற்பது தோண்டிக்கொள் என்றேன்.

கெட்டிக்காரப் பசங்கள். அதை இல்லையென்று சொல்ல முடியாது. காற்றடைத்த ரப்பர் ட்யூபைக் கட்டிக்கொண்டு இக்கரைக்கு நீந்தி வந்து கால் நட்டார்கள். இரண்டு நாளில் கைப்பிடிக் கயிறோடு பாலம் நின்றது. தேர்வாளர் ஒருவர் வந்து நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். பாலம் முனகக்கூட இல்லை.

அதன் பிறகு ஊர்க்காரர் ஒருவர் நடந்து வருவதுபோலப் போட்டோ வேண்டுமென்றார் அவர்களுடைய சாரண ஆசிரியர் ரெத்தினம் சார். என்னைக் கூப்பிட்டார். சும்மா நடந்தால் நன்றாக இருக்காது என்று பக்கத்து வீட்டு வைக்கோல் கட்டை வாங்கி என் தலையில் வைத்தார்கள். என் ஆயுளில் நான் வைக்கோல் சுமந்ததில்லை. கொஞ்சம் சிரிக்கச் சொன்னார் சார். சொல்லியிருக்கவே வேண்டாம். பாலத்தில் கால் வைத்ததிலிருந்தே எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஹஃப்ஸா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இதில் நடந்து வருவாள் என்பதைத் தவிர மனசில் வேறெதுவும் இல்லை.

அப்படித்தான் வந்தாள். அக்கரையில் பஸ் நின்ற சத்தம் கேட்டு டீக்குத் தண்ணீர் வைத்தேன். அது கொதிப்பதற்குள் வாசலில் நின்றாள். நான் வீடியோ கால் போட்டு அவள் அத்தாவுக்குப் பாலத்தைக் காட்டினேன். மேலே, கீழே, கைப்பிடி, எல்லாம் காட்டினேன். மனுஷர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, சரி, பரீட்சை எழுதட்டும் என்றார். அன்றைக்கு ஒரு அண்டா பாயசம் வைத்து முகாமுக்கு அனுப்பினேன். அடுத்தவர் சமைத்ததைத் தின்றால் மதிப்பெண் குறையுமாம். அண்டா கழுவினதுபோலத் திரும்பி வந்தது.

முகாமின் கடைசி நாள் காலையில் தோப்புப் பக்கம் ஒரே சத்தம். கொடி இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் பாலத்தின் நடுப்பகுதி இல்லை.

ஓடினேன். ரெத்தினம் சார் என் பக்கத்துக் கரையில்தான் நின்றிருந்தார். பதறாமல் பேசினார். முகாம் முடிந்தால் வந்த இடம் வந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும், அதுதான் சாரணர் முறை என்றார். பரீட்சை முடிகிற வரைக்குமாவது விட்டுவிடுங்கள், மூங்கிலுக்கும் கயிற்றுக்கும் உள்ளதை நான் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். என் மகள் படிப்பே இதில்தான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

"புரியுதும்மா. ஆனா நாங்க போனப்புறம் இது தளர்ந்து உங்க பொண்ணே விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார்.

அதுவும் நியாயம்தான். நியாயம் பேசுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன். நாலு வீட்டுக்காரர்களும் வந்து போட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். அவருக்குப் பின்னால் வேலை நிற்காமல் நடந்தது.

நவநீத் என் காலடியில் உட்கார்ந்து கடைசிக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நீயாவது சொல்லேன் தம்பி என்றேன். அவன் நிமிரவில்லை.

"நல்ல முடிச்சுன்னா கட்டுனா அசையக் கூடாது, இழுத்தா உடனே விட்டுரணும் ஆன்ட்டி. அவுக்குறதுக்கும் மார்க் இருக்கு."

சொல்லிவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தான். தேர்வாளர் குதித்தும் அசையாத கட்டு ஒரே இழுப்பில் கழன்று விழுந்தது.

குழிகளை மூடி, முதலில் வெட்டி எடுத்து வைத்திருந்த புல்லையே மேலே பதித்துத் தண்ணீர் தெளித்தார்கள். அங்கே ஒரு பாலம் நின்றது என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் எல்லோரும் அக்கரையில் வரிசையாக நின்று, எங்களைப் பார்த்து, ஒரு தாளத்தோடு கைதட்டினார்கள். போகிற இடத்தில் நன்றியைத் தவிர வேறெதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாதாம். ரெத்தினம் சார் உரக்கச் சொன்னார். சொன்னபடியேதான் செய்தார்கள். அந்தப் பையனுக்குப் பேட்ஜ் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். கிடைக்கட்டும். என் வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

அவள் அத்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தை முடியப்போகிறது என்று மட்டும் சொன்னார். மனு என்ன ஆயிற்று என்று கேட்டு வருகிறேன், வேலை தொடங்கப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கி வந்தால் பரீட்சை வரை விட வேண்டும் என்றேன். சரி என்றார்.

மறுநாளே மதகைச் சுற்றி, பஸ் ஏறி, மனு கொடுத்த ஆபீஸுக்குப் போனேன். ஹஃப்ஸாவும் வருகிறேன் என்றாள். கணக்குப் பரீட்சைக்குப் படி என்று விட்டுவிட்டு வந்தேன். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். பெயரைக் கேட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் மனுவை முடித்தாயிற்றே அம்மா என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. பாலம் எப்போது கட்டுவார்கள் என்று கேட்டேன்.

கட்டியாயிற்றே என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். பேப்பரில் வந்த படம். சாரண மாணவர்கள் கட்டிய பாலம், கிராம மக்கள் மகிழ்ச்சி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத்தான் என் மனுவோடு சேர்த்துக் கணக்கை முடித்திருந்தார்கள்.

அதை அப்போதே பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். வேண்டுமானால் ஆளை அனுப்பிப் பாருங்கள் என்றேன். முடிந்த மனுவை மறுபடி திறக்க வழியில்லையாம். புதிதாக எழுதிக் கொடுத்தால் ஆள் வந்து பார்ப்பார்களாம், கோடை தாண்டும் என்றார். அதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் தம்பி என்றேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானே?"

"நான்தான்."

"கட்டைச் சுமந்துக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா சிரிச்சுக்கிட்டு வர்றீங்க. இதப் பார்த்தா பாலம் இல்லைன்னு யாரும்மா நம்புவாங்க?"

படத்தில் இருந்தவள் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் அத்தனையும் தெரிய. அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வைக்கோல் கட்டைத் தவிர.

வீட்டுக்கு வரும்போது ஹஃப்ஸா வாசற்படியில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா சொன்னாங்க என்று கேட்டாள்.

"பாலம் இருக்காம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாய்க்காலில் ஆகாயத்தாமரை ஒதுங்கி நின்ற இடத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கொடியில் காய்ந்துகொண்டிருந்த யூனிஃபார்மை எடுத்து மடித்தாள். மறுநாளைக்கென்று எப்போதும் வைக்கிற நாற்காலியில் அதை வைக்காமல், பெட்டியைத் திறந்து அடியில் வைத்தாள்.