சிமெண்ட் ஒத்துக்கொள்ளாத கோட்டை

ஒரு கோட்டை வாந்தி எடுத்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஊர்க் கோட்டை எடுத்தது. பல நூறு வருடம் சுண்ணாம்பையும் மழையையும் தவிர வேறெதையும் தொடாத மதில் அது. பழுதுபார்க்க வந்த காண்ட்ராக்டர் அதன்மேல் கனமாகச் சிமெண்ட் பூசி, குளியலறைச் சுவருக்கு அடிப்பதுபோல ரோஸ் பெயிண்டும் அடித்தார். பெயிண்ட் காய்வதற்குள் தலைவாசல் பக்கத்து வெடிப்பு வாயைத் திறந்து எல்லாவற்றையும் கூழாகக் கக்கியது. மேலே ரோஸ் நுரை. அழுகின முட்டை நாற்றம்.

அள்ள வேண்டியவள் காவலாளியின் மனைவி. மதிலோடு ஒட்டிய காவல் அறைதான் அவர்களுக்கு வீடு. திறப்பு விழாவன்று சுவர் சுத்தமாக இல்லாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். பூசுவார்கள், கக்கும், அள்ளுவாள், மறுபடி பூசுவார்கள். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அவள் சாப்பாட்டுத் தட்டிலும் அந்த வாடை ஏறியது. ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்களே தவிர யாரும் ஆச்சரியப்படவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அந்த ஈரத்திலேயே ஆணியால் தங்கள் பெயரைக் கீறிவிட்டுப் போனார்கள். இன்ஜினியர் ஒருமுறை வந்து, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே அவளிடம் கேட்டார்.

“கோட்டைக்கு அஜீரணம்னு மேலிடத்துக்கு எழுத முடியுமாம்மா?”

“எழுத வேணாம் சார். பூசினத சொரண்டச் சொல்லுங்க. ஒத்துக்காதத ஊட்டினா மனுசனே கக்குவான்.”

“வேலை நல்லபடியா முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போட்டாச்சும்மா.”

விழாவுக்கு முந்தின நாள் காவலாளியைப் பயம் பிடித்துக்கொண்டது. மிச்சச் சிமெண்டைக் குழைத்து வெடிப்பை ஆழமாக அடைத்து, கரண்டியால் வழவழவென்று தேய்த்தார். சுவருக்குள் விக்கல் கேட்டது. மனைவி ஓடி வந்தாள்.

“என்னய்யா பண்ணித் தொலைச்ச?”

“வாய அடைச்சிட்டேன். நாளைக்கு ஒருநாள் தாங்கினா போதும். அப்புறம் நம்ம ரூம நம்மகிட்டருந்து யாரு புடுங்கப்போறா?”

“அடைச்சது சரி. அது வயித்துல இருக்கறது எந்தப் பக்கமா வரும்?”

அறைக்குள் நாற்றம் தாங்காமல் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு, அவரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை மதில் துடைத்து வைத்ததுபோல இருந்தது. வந்தவர்கள் காண்ட்ராக்டருக்குக் கைதட்டினார்கள். காவல் அறை தரையிலிருந்து கூரைவரை நிரம்பி, ஜன்னல் வழியாக ரோஸ் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது.