மூத்தவளின் பெயர்

பதுளையிலிருந்து ஆய்வுக்கு வரும் பெண் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு ஏறி வருவதற்கு முன்பே முருகையா என் காம்பராவில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் என் கணவரின் அண்ணன், பழைய கங்காணி. கணவர் இறந்த பிறகு இந்த வாசலை அவர் மிதித்தது அன்றைக்குத்தான்.

"செத்துப்போன சின்னப் புள்ளைங்களப் பத்திக் கேக்க வருதாம். ஒனக்கு ஒரே புள்ள. அத மட்டும் சொல்லு," என்றார்.

நான் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"காதுல விழுந்துச்சா?"

"லயத்துக் கடைசித் தொங்கக் காம்பரா வரைக்கும் விழுந்திருக்கும்."

எனக்குப் பிறந்தது இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு நிஷாந்தினி என்று பெயர் வைத்தோம், பிறப்பும் பதிந்தோம். நடக்கத் தொடங்கிய வயதில் வயிற்றோட்டம் வந்து துவண்டு போனாள். கொஸ்லந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்தில் அன்று இருந்த ஒரே வண்டி கொழுந்து லொறி. முதலில் கொழுந்தைத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இறக்கிவிட்டு வரட்டும் என்று முருகையா அதை அனுப்பிவிட்டார். லொறி திரும்பியபோது பிள்ளை என் மடியில் குளிர்ந்திருந்தாள். மரணத்தைப் பதிந்தால் லொறியைப் பற்றி விசாரிப்பார்கள். அதனால் பதியவும் அவர் விடவில்லை.

அடுத்தவள் பிறந்தது மண் சரிந்து ரோடு மூடிப்போன மழையில், இதே காம்பராவில். அவளைப் பதிய யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது முருகையா மூத்தவளுடையதை எடுத்துக் கொடுத்தார். "சும்மா கெடக்குறத எதுக்கு வீணாக்கணும்?" என்றார். பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் இளையவள் நிஷாந்தினி ஆனாள். நான் மட்டும் அவளைச் சின்னவள் என்றே கூப்பிட்டேன்.

அவளுக்கும் வெலிமடையில் கிழங்கு வியாபாரம் செய்யும் தினேஸுக்கும் அடுத்த மாதம் கல்யாணப் பதிவு. நான் எதையாவது உளறி அது நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். காலையிலேயே சண்டை.

"அவ ஒரு தடவதான் செத்தா. நீ என்னய தெனமும் சாகடிக்கிற."

"நான் ஒன்னய ஒண்ணும் சொல்லலயே."

"இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் என் பேரச் சொல்லிக் கூப்புட்டிருக்கியா?"

"அது ஒம் பேரு இல்ல."

கையில் இருந்த சிரட்டையைச் சுவரில் எறிந்துவிட்டுப் பின்பக்கம் போனாள்.

வந்த பெண்ணின் பெயர் றம்ஸியா. முருகையா நீட்டிய நாற்காலியை விட்டு என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தாள்.

"பதிவுல இல்லாத பிள்ளைங்க நெறயப் பேர். அதான் வீடு வீடா வாறோம். உங்களுக்குப் பொறந்தது எத்தன பிள்ளைங்க?"

"ஒண்ணு," என்றார் முருகையா.

"அம்மாக்கிட்டதான் கேட்டேன்."

"அவரு பெத்தது ஒண்ணா இருக்கும்," என்றேன். "நான் பெத்தது ரெண்டு. மூத்தவ இல்ல."

றம்ஸியா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். மூத்தவள் பிறந்த தேதியைக் கேட்டாள். சொன்னேன். இளையவள் பிறந்த தேதியைக் கேட்டாள். நான் வாயெடுக்குமுன் பின்கதவில் நின்ற சின்னவள் அடையாள அட்டையில் உள்ளதைச் சொன்னாள். றம்ஸியா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே தேதியா இருக்கே."

"ரெட்டப் புள்ளைங்க," என்றார் முருகையா. லொறியை அனுப்பிய அதே குரல்.

"தவறின பிள்ளைக்குப் பேர் வச்சிருந்தீங்களா?"

"பேரெல்லாம் வைக்கல. விட்டுட்டு எழுதுங்க," என்றார் முருகையா.

இரட்டை என்ற பொய்யை நான் விழுங்கியிருந்தேன். அதுதான் மூத்தவளைக் கணக்கில் சேர்க்கும் என்றால் சேர்க்கட்டும். ஆனால் பெற்று, பெயர் வைத்து, பாலூட்டிய பிள்ளையைப் பேரில்லாதவள் என்று எழுத விட என்னால் முடியவில்லை. சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஷாந்தினி," என்றேன்.

முருகையா எழுந்தார். "ஒம் மவ கல்யாணத்துக்கு நீயே கொள்ளி வைக்கிற."

"ஒக்காருங்க. லொறிக் கதையையும் சொல்லணுமா?"

அவர் உட்காரவில்லை, செருப்பைத் தேடினார்.

றம்ஸியா எழுதிவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். "உங்க பேரு?"

"சின்னவள்னு எழுதுங்க. எங்கம்மா எனக்கு வச்ச பேரு அது ஒண்ணுதான்."

"அடையாள அட்டையில உள்ள பேரு..."

"செத்தவங்களப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? நான் உசிரோட நிக்கிறேன்."

சின்னவள் அக்காவின் பெயரில் வாழ்வது றம்ஸியாவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "இந்தப் பேருங்க எங்கயும் வெளிய போகாது, தங்கச்சி," என்றாள். பிறகு சின்னவள் சொன்னபடியே எழுதினாள்.

கல்யாணப் பதிவு நாள் வரைக்கும் என் மகள் என்னோடு பேசவில்லை. முருகையாவை நான் அழைக்கவில்லை, அவள் அழைத்திருந்தாள். ஹப்புத்தளையில் பதிவு அலுவலக வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து "நிஷாந்தினி" என்று கூப்பிட்டார்கள். அவள் எழவில்லை.

"அவளயா கூப்புடுறாங்க, என்னயா?" என்று எல்லாருக்கும் கேட்க என்னிடம் கேட்டாள். தினேஸ் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.



"ஒன்னயத்தான்," என்றேன். "எந்திரிச்சுப் போ, நிஷாந்தினி."

போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள், என் பக்கத்தில் இருந்த காலி இடத்தைத் தாண்டிப் போய் தினேஸின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.