செவுத்துக்கு அந்தாண்ட

நாடகத்தின் பெயர் ‘செவுத்துக்கு அந்தாண்ட’. அப்பா இறந்து பதினான்கு மாதங்களில், வேலைக்கும் ரேஷன் கடைக்கும் தவிர அம்மா வெளியே கிளம்பியது அன்றைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எர்ணாவூரில் பஸ் ஏறினோம். எங்கள் பிளாக்கில் மூன்றாவது மாடியில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் அக்கா அதில் மாமியாராக நடிக்கிறாள்.

“நீ வர்லன்னா நான் மேடையே ஏற மாட்டேன் சொக்கா” என்று அம்மாவிடம் சொல்லி அவள் வாசலிலேயே நின்றதால் அம்மா புடவை மாற்றினாள்.

ராயபுரத்தில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கூடம் அது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இருநூறு இருக்கும். எங்களுக்கு நான்காவது வரிசை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல, மடியில் பையைப் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் அம்மா உட்கார்ந்தாள்.

முதல் அரை மணி நேரம் எனக்கு நாடகம் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. பாட்டெல்லாம் நன்றாக இருந்தது. சினிமாவில் எங்கள் பேச்சைப் பேசுகிறவன் ஜேப்படித் திருடனாகவோ அடியாளாகவோதான் வருவான். இங்கே கல்யாணப் பெண்ணே, “இன்னாய்யா, இப்பதான் வந்துகினு கீறியா?” என்று ராகம் போட்டுப் பாடினாள். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்த்தது. ஆனால் கதை சரியில்லை. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள். மாப்பிள்ளை வீட்டார் பூத்தட்டோடு தப்பான வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். இதை நான் சொல்லக் கூடாதுதான். எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

மேடையில் இருந்த பெரிய பொருள் அந்தச் சுவர் மட்டும்தான். மூங்கில் சட்டம் கட்டிச் சக்கரம் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் செங்கல் வரைந்திருந்தது. திருப்பினால் அடுத்த வீடு, அந்தப் பக்கம் முழுக்கப் பச்சைப் புடவை கட்டியிருந்தது. மாப்பிள்ளையாக நடித்தவர் முபாஷிர். நாடகத்தை எழுதியவரும் அவர்தான் என்று அக்கா சொல்லியிருந்தாள். நான்காவது பாட்டில் அவர் சுற்றிச் சுற்றி ஆடும்போது கைக்கடிகாரம் புடவையில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். புடவை மொத்தமும் அவிழ்ந்து விழுந்தது.

உள்ளே ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். செங்கல் வரைவதற்காக அதன் வெள்ளைப் பக்கத்தை வெளியே வைத்து, அச்சடித்த பக்கத்தைப் புடவையால் மறைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பேனரைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒரு முகம். தாடை மேலே, கண் கீழே. மீசை கண்ணுக்கு மேல் புருவம் மாதிரி வளைந்திருந்தது. அதற்கும் மேலே சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக வௌவால் போலத் தொங்கின.

கூடத்தில் முதலில் சிரித்தது நான்தான். எனக்கு அப்படிச் சட்டென்று சிரிப்பு வராது. அன்றைக்கு வந்தது.

முபாஷிர் பாட்டை நிறுத்தவில்லை. தலையைச் சாய்த்துப் பேனரைப் பார்த்தார். “இன்னா மாமு, உன் வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தா நீ தலகீழா தொங்கினு கீற?” என்றார். கூடமே அதிர்ந்தது. பக்கத்தில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

அப்போதுதான் சட்டையைப் பார்த்தேன். மஞ்சள் கட்டம். அப்பாவின் கடைசிப் பொங்கலுக்குத் தண்டையார்பேட்டையில் எடுத்த சட்டை. கீழே, தலைகீழாக, ‘கண்ணீர் அஞ்சலி’. அதற்கு மேல் ‘வரதன்’.

என் சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது.

அப்பா டிரெய்லர் ஓட்டினார். துறைமுக கேட்டுக்கு முன்னால் லாரிகள் வரிசையில் நின்றபோது, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து உயிர் போயிற்று. அவருடைய தோஸ்துகள் எங்கள் தெருமுனையில் கட்டிய பேனர் அது. பதினாறாம் நாளுக்கு அப்புறம் ஒருநாள் காணவில்லை. கார்ப்பரேஷன்காரர்கள் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா சிரிக்கிற படம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் எதுவும் என் காதில் விழவில்லை. சிரிப்பு கிடைத்துவிட்டதால் அவர்கள் விடவில்லை. ஃப்ளோரன்ஸ் அக்கா வந்தாள், பேனரைப் பார்த்ததும் வசனத்தை மறந்து நின்றாள். அதற்கும் சிரித்தார்கள். பெண்ணின் மாமாவாக நடித்தவர் அப்பாவின் காதருகே போய்த் தட்சணை கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு ஒரே பயம், அம்மா படித்துவிடுவாளோ என்பது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். ஆனால் எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கழுத்தை வளைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“வ… ர… இன்னாடி அது?”

“இரு, நானு பாக்குறேன்.”

இடைவேளை விட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வயிறு வலிக்குதுடி” என்றாள். பதினான்கு மாதத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. யாராவது அவளிடம் சொல்வதற்குள் பேனரை எடுக்க வைக்க வேண்டும். வேறு வழியில்லை. பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மேடைக்குப் பின்னால் பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் அக்கா அங்கே இல்லை. முபாஷிர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, “இன்னாமா வோணும்?” என்றார். எனக்குக் குரல் வரவில்லை. “ஆட்டோகிராப்பா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

“அது எங்கப்பா” என்றேன்.

“எது?”

“தொங்குறாரே. அவரு.”

டீ டம்ளர்கள் அப்படியே நின்றன. முபாஷிரின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. “யா அல்லா” என்று மெதுவாகச் சொன்னார். “தெர்லமா. சத்தியமா தெர்ல. நீ போயி குந்து. நாங்க சரி பண்ணிட்றோம்.”

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

திரை விலகியது. அவர்கள் சரி பண்ணியிருந்தார்கள். பேனரை எடுக்கவில்லை. நேராகத் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கல்யாணக் காட்சிக்கு வைத்திருந்த சாமந்தி மாலையை அப்பாவின் கழுத்தில் போட்டு, கீழே ஊதுவத்தி ஏற்றியிருந்தார்கள். அப்பா கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். பெண்ணின் மாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் குனிந்து போனார். கீபோர்டு உற்சாகமாக ஒலித்தது, யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அம்மாவைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அவள்தான் முதலில் பேசினாள், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எவ போயி சொன்னா?”

“நான்தான்.”

“நீயா? வாயத் தொறந்து?”

“ம்.”

“எத்தினி பேரு இருந்தானுங்க?”

“பத்துப் பேரு.”

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு, “ஒங்கப்பன்னு எனக்குத் தெரியாதுன்னு நென்ச்சியா?” என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“கார்ப்பரேஷன்காரன் எட்த்துகினு போய்ட்டான்னியே.”

“நான்தான் அவுத்தேன். வேலைக்குப் போவசொல்ல, வரசொல்ல, அந்தாளு பாட்டுக்கு என்னப் பாத்து சிரிச்சிகினே நின்னாரு. எத்தினி நாளிக்கு தாங்கும்? கட்டிலுக்கு அடில சுருட்டி வெச்சிருந்தேன். ஃப்ளோரன்ஸு செவுரு செய்ய பேனர் கேட்டா, குட்த்துட்டேன். மூஞ்சி தெரியாம சேல கட்டுங்கடின்னு சொல்லித்தான் குட்த்தேன்.”

“அப்ப ஏம்மா சிரிச்ச?”

“தலகீழா இருக்கசொல்ல என்னப் பாத்து சிரிக்கிற மாரி தெர்ல. வேற யாரோ மாரி இருந்திச்சி. எல்லாரும் சிரிச்சாங்க, எனுக்கும் வந்திச்சி.” பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். “இப்ப பாரு.”

இப்போது அவர் நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடகம் எப்படியோ முடிந்தது. மாப்பிள்ளை சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கடைசிப் பாட்டு நன்றாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். கைத்தட்டல் குறைவு. என்னால்தான் அது கெட்டுப்போயிற்று.

ஆட்கள் கலையும்போதும் அம்மா எழுந்திருக்கவில்லை.

“மால போட்டுட்டானுங்க” என்றாள். “மால போட்டவர இனிமே வெளிய வுட முடியாது. அட்த்த வாரம் திருவொத்தியூர்ல நாடகம் போட்றாங்களாம், அங்கயும் போயி நிப்பாரு. அவுத்துக் குட்க்க சொல்லு, எத்துனு போலாம்.”

“நீ கேளும்மா.”

“பத்துப் பேரு முன்னால நின்னு பேசுனவ நீதான. போ.”

மேடையில் ஏற்கெனவே முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முபாஷிர் என்னைப் பார்த்ததும் பயந்த மாதிரி எழுந்தார்.

“எங்களுக்கு வோணும்” என்றேன்.

அவர் தலையாட்டினார். மாலையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு முனையை அவரும் மறு முனையைப் பெண்ணின் மாமாவும் பிடித்தார்கள். பஸ்ஸில் கொண்டுபோக வசதியாக நாலாக மடிக்கப் போனார்கள். மடிப்பு சரியாக அப்பாவின் மூக்குக்கு மேல் வந்தது.

“மடிக்காதீங்க” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

“மடிக்காதீங்கண்ணா. மூஞ்சில கோடு வுழும். சுருட்டுங்க” என்றேன், இந்தத் தடவை கூடத்தில் மிச்சம் இருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரி.