மாமிக்க பேருள்ள அம்மே

சொர்ணம்மாளுக்கு வாய்க்குக் குறைச்சல் கிடையாது. திருவனந்தபுரத்துக் கடைத்தெருவான சாலைக் கம்போளத்தில் வெண்டைக்காய்க்காரனிடம் தமிழில் பேரம் தொடங்குவாள். படியாவிட்டால் மலையாளத்துக்கு மாறுவாள். அதிலும் படியாவிட்டால் இரண்டையும் கலந்து அடிப்பாள். அவன் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, ஒரு பிடி கறிவேப்பிலையும் சும்மா வாங்கிக்கொண்டுதான் கரமனை வீட்டுக்குத் திரும்புவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வராது. அது அவள் பெற்ற மகளின் பெயர்.

மகளின் பெயர் முன்னுதித்தநங்கை. சுசீந்திரத்தில் குடியிருக்கிற அம்மனின் பெயர் அது. சொர்ணம்மாளின் மாமியாருக்கும் அதே பெயர்தான். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மூத்த பேத்திக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் வழக்கம். இரண்டையும் ஏற்படுத்திய பெரிய மனுஷர்கள், பெற்றவள் தன் பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எல்லாரும் ஆம்பிளைகளாக இருந்திருப்பார்கள், யோசிக்கவில்லை.

ஆகவே மகள் பிறந்த நாளிலிருந்து சொர்ணம்மாளுக்கு அவள் 'மக்ளே'. கோபம் வந்தால் 'எட்டி'. கோபம் தலைக்கேறினாலும் பெயரைச் சொல்லித் திட்ட முடியாது. திட்டினால் அது பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் மாமியைத் திட்டியதாக ஆகிவிடும். இந்தச் சலுகையை அந்தப் பெண் சின்ன வயசில் நன்றாகவே அனுபவித்தாள். அப்பா தாணுலிங்கமும் தாயின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, மகளை 'அம்மை' என்றே கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன கதையை இன்றைக்கும் சாலையில் தாணுலிங்கத்தின் மளிகைக் கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று அவருக்கு லோடு இறங்குகிற நாள். சொர்ணம்மாள் தனியாகப் போயிருந்தாள். டீச்சர் மலையாளத்தில் குழந்தையின் பெயரைக் கேட்டாள். "வீட்டிலே பெரியவங்களுக்க பேரு" என்றாள் சொர்ணம்மாள். அந்தப் பெரியவங்களுக்கு என்ன பேரு என்று டீச்சர் கேட்டாள். "எனக்க மாமியாருக்க பேரு." மாமியாருக்கு என்ன பேரு? "அதைத்தானே டீச்சர் நான் சொல்லப்பிடாது!" பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் குழந்தையே எட்டிப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னது. நாலு வயசுக் குழந்தைக்கு அவ்வளவு நீளப் பெயர் இருக்கும் என்று டீச்சர் நம்பவில்லை. மறுநாள் தாணுலிங்கம் நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் காரியம் நடந்தது.

மகளுக்கு மட்டுமல்ல, அம்மனுக்கே அந்தக் கதிதான். வருஷா வருஷம் நவராத்திரிக்கு அம்மன் சுசீந்திரத்திலிருந்து பல்லக்கில் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவாள். வருகிற வழி சொர்ணம்மாளின் வீட்டு வாசல் வழியாகத்தான். தாம்பாளத்தில் பழமும் பூவும் விளக்கும் வைத்து நிற்பாள். பல்லக்கு பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடி, "மாமிக்க பேருள்ள அம்மே, காப்பாத்து" என்பாள். பக்கத்து வீட்டு அஸ்வதி முதல் தடவை கேட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள்.

மாமிக்கும் அந்த நாள் உயிர். விடிந்ததிலிருந்து புதுப் புடவை கட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நிற்பாள். சுசீந்திரத்திலிருந்து கூடவே நடந்து வருகிறவர்கள் பல்லக்கின் பின்னால், "முன்னுதித்தநங்கை அம்மா!" என்று குரல் கொடுப்பார்கள். மாமி மருமகளின் இடுப்பில் விரலால் குத்தி, "கேட்டியா சொர்ணம், ஊரே என்னைய விளிக்கு" என்பாள். சொர்ணம்மாள் சிரிப்பாள். கிழவிக்குக் குசும்பு போகவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

அந்தப் பெயருக்கென்று ஒரு வம்சமே இருந்தது. சொத்து மகன் வழியே போகும்; இந்தப் பெயர் பேத்தியோடு கல்யாணமாகி வீடு மாறி வீடு மாறி வந்தது. மாமி சொன்ன கதையில் எல்லாருக்கும் முந்தின நங்கை, கோட்டாற்றில் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு பல்லக்குக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியவள். திருவனந்தபுரம் வந்தபிறகுதான் கோபம் தணிந்ததாம். தணிந்தபோது ஊர் பிடித்துப்போயிற்று. புருஷன்தான் மூட்டை முடிச்சோடு பின்னால் வந்து சேர்ந்தார். அவள் பேத்தி நங்கை, நாஞ்சில் நாட்டிலிருந்து வரும் அரிசி வண்டிகளைக் காவல்காரர்கள் மறித்தால், வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அவர்கள் விடும்வரை முறுக்கு தின்றுகொண்டிருப்பாளாம். அவள் பேத்திதான் மாமி. மாமியின் பேத்தி கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே அவளை எல்லாரும் 'முன்னு' என்று கூப்பிட்டார்கள்.

மாமி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரு புரட்டாசியில் வீட்டில் குண்டு விழுந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அனூப், அதே கம்பெனி, நல்ல பையன். கார்த்திகையில் முகூர்த்தம். சாலையில் அச்சகம் வைத்திருக்கும் செல்வகணேஷ் அழைப்பிதழ் மாதிரியைப் போனில் அனுப்பியிருந்தான். தோசை தின்றுகொண்டே அதைப் பார்த்த மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அம்மா, கார்டுலே என் பேரு நந்தனான்னு போடப் போறேன்."

"அதாரு நந்தனா?"

"நான்தான். பெறவு ரெக்கார்ட்ஸ்லயும் மாத்திக்கிடுவேன்."

தாணுலிங்கம் தோசையைத் தட்டில் போட்டுவிட்டார். "எத்தனை தலைமுறையா வந்த பேரு! உனக்குப் பிடிக்கலையா அம்மை?"

"பிடிக்காம இல்லப்பா. அந்தப் பேரை யாரு சொல்லுகா? நீங்க அம்மைங்கிய. ஆபீஸ்ல முன்னுங்கா. அம்மா..." என்று நிறுத்தி சொர்ணம்மாளைப் பார்த்தாள். "பர்த்டேக்கு எல்லாரும் பாட்டு பாடுவோம் பாத்தியா, என் பேரு வாற வரியிலே கரெக்டா உனக்கு இருமல் வரும். ஒரு வருஷம்கூடத் தப்பினதில்ல."

சொர்ணம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சில் சுருக்கென்றும் இருந்தது. "வழக்கம் அதல்லவா மக்ளே..."

"தெரியும்மா. கொறை சொல்லல்ல. ஆனா நீ ஒருக்கா பேரைச் சொல்லி விளி. ஒரே ஒருக்கா. நான் என்னம்மான்னு கேக்கேன். பேரு அப்படியே இருக்கட்டு. இல்லேன்னா பின்னே எனக்கு எதுக்கு, ஆதார் கார்டுக்கா?"

அவள் குரலில் சண்டை இல்லை. அதுதான் சொர்ணம்மாளை அதிகம் படுத்தியது. சண்டை என்றால் இவள் ஒரு கை பார்த்திருப்பாள்.

அம்மன் வருகிற எழுந்தருளத்துக்கு மறுநாள் காலையில் கார்டு அச்சேறும் என்று செல்வகணேஷ் சொல்லியிருந்தான். அதுவரை சொர்ணம்மாள் பட்ட பாடு யாருக்கும் வர வேண்டாம். கிரைண்டரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் சொல்லிப் பார்த்தாள். 'முன்' வரை வரும். அடுத்தது தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். கூடத்துச் சுவரில் படமாக இருக்கும் மாமிக்குக் கேட்டுவிடுமோ என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தாள். அங்கேயும் கை தானாகவே முந்தானையை இழுத்துத் தோளை மூடியது. கடைசியில் காய் நறுக்கும்போது பாதிப் பெயரையும், பாத்திரம் கழுவும்போது மீதிப் பாதியையும் சொல்லிவிட்டு, கணவனிடம் போய்ப் பெருமையாக அறிவித்தாள்.

"எட்டி, பேரையும் தவணையிலேயா சொல்லுவ?" என்றார் அவர்.

"நீங்க ஒருக்கா உங்க அம்மைக்க பேரைச் சொல்லி அவளை விளிங்களேன் பாப்போம்!"

தாணுலிங்கம் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

வெறும் பயமென்றால் இந்த வழக்கத்தை என்றோ விட்டிருப்பாள். மாமியிடம் அவளுக்குப் பயம் இருந்ததே இல்லை. தாழாக்குடியிலிருந்து ஒரு வார்த்தை மலையாளம் தெரியாமல் வந்த பெண்ணை, கையைப் பிடித்துச் சாலைத் தெருக்களில் கூட்டிப் போய், "இதுக்கு இங்கே இப்படிச் சொல்லணும் பிள்ளே" என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொடுத்தவள் மாமி. பிரசவத்தில் காய்ச்சல் கண்டு கிடந்தபோது, பெற்ற தாய் வந்து சேருவதற்கு முன்னால் மூன்று நாள் கண் மூடாமல் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குத் திருப்பிச் செய்ய சொர்ணம்மாளிடம் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் காத்தது ஒன்றுதான் இருந்தது. அதையும் விட்டுவிட்டால் மாமிக்கென்று என்ன மிஞ்சும்? இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்தருளம் வந்தது. மகள் லீவு போட்டிருந்தாள். படம் பிடிக்க வசதி என்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு கடைப்படியில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். இந்தப் பக்கம் கேட்டருகில் சொர்ணம்மாள் தாம்பாளத்தோடு. பக்கத்தில் தாணுலிங்கம். காலையிலிருந்து அவர் மனைவியின் முகத்தை இருபது தடவை பார்த்துவிட்டார்.

போலீஸ்காரர்கள் வண்டிகளை ஒதுக்கினார்கள். கூடவே வருகிற சரஸ்வதி அம்மன் முதலில் யானைமேல் போனாள். பின்னால் சிறிய பல்லக்கு ஆடி ஆடி வந்தது. சுசீந்திரத்து ஆட்கள், கால் தேய நடந்து வந்தவர்கள், கரமனை ஜனங்களைப் பார்த்ததும் குஷியாகிக் குரல் கொடுத்தார்கள்.

"முன்னுதித்தநங்கை அம்மா!"

இந்தப் பக்கமிருந்தும் ஜனங்கள் திருப்பிச் சொன்னார்கள். சொர்ணம்மாள் வழக்கம்போலக் கண்ணை மூடி, "மாமிக்க பேருள்ள..." என்று தொடங்கினாள். அப்போது இடுப்பில் ஒரு விரல் குத்தியது போல இருந்தது. உண்மையில் யாரும் குத்தவில்லை. மாமி இருந்த வருஷமெல்லாம் அந்த இடத்தில் குத்தி வந்த விரல் அது.

கேட்டியா சொர்ணம், ஊரே என்னைய விளிக்கு.

சொர்ணம்மாள் கண்ணைத் திறந்தாள். மாமியை யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பெற்றவளால் முடியாது, அது அவளுக்கு மாமியார் பெயர். மாமனார் 'எட்டி' என்பார். பிள்ளைகளுக்கு 'அம்மை'. இவளுக்கு 'மாமி'. அண்டை அயலுக்குப் 'பெரியம்மை'. அவளுக்கு முந்தின நங்கைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அதற்கும் முந்தினவளுக்கும் அப்படித்தான். அவ்வளவு பெரிய அழகான பெயரை வைத்துக்கொண்டு, யாராவது சொல்லிக் கேட்பதற்கு மாமி வருஷம் பூராவும் காத்திருந்து, விடியற்காலையில் புதுப்புடவை கட்டி இந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது குசும்பு இல்லை. மரியாதை மரியாதை என்று மாமியைப் பட்டினி போட்டுவிட்டாள் சொர்ணம்மாள். இப்போது அதே பட்டினியை மகளுக்கும் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் எதிர்க் கடைப்படியில் நிற்கிறது.

"முன்னுதித்தநங்கே!"

சாலைக் கம்போளத்தைக் கலக்குகிற குரல். அந்த நேரம் பார்த்து மேளம் வேறு மூச்சு வாங்க நின்றிருந்தது. ஒரு போலீஸ்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். தாணுலிங்கம் மனைவியின் கையிலிருந்து சரியப்போன தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பல்லக்குக்குப் பின்னால் வந்த ஒரு நடுவயசுக்காரி சட்டென்று நின்று, "என்னையவா விளிச்சிய?" என்று கேட்டாள்.

"உங்களுக்கும் அந்தப் பேரா?"

"பின்னே? எனக்க அப்பாம்மைக்க பேரு."

"நல்லாயிரு அம்மா. நான் எனக்க மகளையாக்கும் விளிச்சேன்" என்றாள் சொர்ணம்மாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பல்லக்கின் பின்னால் ஓடினாள். பல்லக்குக்குள் இருந்தவளும் அந்த நேரம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள் என்று சொர்ணம்மாள் இன்றைக்கும் சத்தியம் செய்வாள். கேட்டால் நம்பிவிட்டுப் போவதுதான் நமக்கு நல்லது.

எதிர்ப்பக்கம் மகள் போனைக் கீழே இறக்கியிருந்தாள். நடுவில் பல்லக்கும் கூட்டமும் நகர்ந்து கொஞ்ச நேரம் அவளை மறைத்தன. தாணுலிங்கம் அதற்குள் செல்வகணேஷைப் போனில் பிடித்து, "அந்தப் பழைய பேரையே போடுடே. ஒரு வரியிலே கொள்ளலேன்னா ரெண்டு வரியிலே போடு. சுருக்கப்பிடாது" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கூட்டம் விலகியதும் மகள் ரோட்டைக் கடந்து வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைப் போல வேகமாக வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

"என்னம்மா? விளிச்சியா?"

சொர்ணம்மாள் மகளின் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல. சும்மா விளிச்சேன்."