பன்றிக் கொட்டிலுக்கு வந்த சண்டை

லாபானாவின் பன்றிக்கு அந்தத் தீவில் ஈடு கிடையாது. தீவுத் திருநாளில் கடல்பக்கத்தாரும் காயல்பக்கத்தாரும் ஆடிப்பாடி, விருந்து வைத்து, யார் உசத்தி, யார் பன்றி பெருசு என்று மோதிக்கொள்வார்கள். போன வருடம் காயல்பக்கத்துப் பெனியெலியின் பன்றி ஜெயித்து, கடல்பக்கத்து லாபானாவின் மானத்தை வாங்கிவிட்டது. இந்த வருடம் விடுவதில்லை என்று பிள்ளையைப் போல ஊட்டி வளர்த்திருந்தான். அடுத்த மாதத் திருநாளுக்குத் தலைநகர் ஃபுனாஃபுட்டியிலிருந்து சொந்தபந்தமெல்லாம் கப்பலேறி வந்து, பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கப்பல்தான் வந்தபாடில்லை. எங்கோ ஒரு சண்டையில் எண்ணெய் விலை எகிறியதால் ஓட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். மாவு தீர்ந்தது, டீசல் தீரப்போகிறது. மழையும் பொய்த்துத் தொட்டிகள் வறண்டதில், கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் ஒன்றுதான் ஊருக்குக் கதி. அதற்கும் டீசல் ஊற்ற வேண்டும்.

எதற்குப் பஞ்சம் வந்தாலும் அந்தத் தீவில் கமிட்டி போடப் பஞ்சம் வராது. மீன் கெடாமல் இருக்க ஃப்ரீசர்களுக்கே டீசல் என்றது ஒரு கமிட்டி. மாவு இல்லாததால் பன்றிகளைக் கடைசிக் கையிருப்பாகக் காப்போம் என்றது இன்னொன்று. தண்ணீர்க் கமிட்டி குடும்பத்துக்கு ஒரு வாளி என்று குறைத்தது. ஊர் மண்டபத்தில் எல்லாரும் தலையாட்டிவிட்டு எழப்போகும்போது லாபானாவின் மனைவி பூலா குரல் கொடுத்தாள்.

"கொஞ்சம் உக்காருங்கப்பா. இது மூணு பிரச்சினை இல்ல, ஒண்ணுதான். மாவு இல்லன்னு நாம தேங்காயத் தின்னுறோம். பன்னியும் அதையேதான் தின்னுது. நமக்கு ஒரு வாளி தண்ணி. பன்னிங்க எவ்வளவு குடிக்குதுன்னு யாராவது யோசிச்சீங்களா? அந்தத் தண்ணிக்கு டீசல் வேணும். டீசலுக்குக் கப்பல் வேணும். கப்பல நிறுத்துனது அந்தச் சண்டை. எங்கயோ நடக்குற சண்டை இப்ப நம்ம பன்னிக் கொட்டில்ல வந்து நிக்குது."



"இப்ப என்னம்மா செய்யச் சொல்ற?" என்றார் தலைவர்.

"திருநாள இந்த வாரமே வச்சுடுவோம். குட்டி போடுறத மட்டும் விட்டுட்டு மத்த பன்னியெல்லாம் ஊரோட சாப்பிட்டுடுவோம். ஃப்ரீசர் மீனக் கீறிக் காயப்போடுவோம். மழைய விரட்டுன வெயில் அதுக்காவது உதவட்டும். ஃப்ரீசர நிறுத்துனா டீசல் மொத்தமும் தண்ணிக்கு."

"நல்லாருக்கே!" என்று பெனியெலி கைதட்டினான். "மொதல்ல உன் புருஷன் பன்னிய அவுத்துட்டு வரச் சொல்லு, பாக்கலாம்!"

மண்டபமே சிரித்தது. எல்லார் கண்ணும் லாபானா மேல். அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாளா? விருந்தாளி இல்லாத திருநாளில் தீர்ப்பேது, ஜெயிப்பேது? ஆனால் மறுத்துப் பேச வாயெடுத்தவனுக்குக் காலையில் செய்தது நினைவு வந்தது. மகள் பாதி குடித்து வைத்த தண்ணீரைப் பன்றித் தொட்டியில் ஊற்றியது அவன் கைதான். அப்போது அது அவனுக்குத் தப்பாகவே படவில்லை. தினமும் அவனோடு அதே சோற்றைத் தின்று, அதே வானொலியைக் கேட்கிறவள்தான் பூலா. அவன் காதில் அது வெறும் இரைச்சல். அவளோ உலகத்துச் சண்டையை நூல் பிடித்துக்கொண்டு வந்து தன் வீட்டுக் கொட்டில்வரை பார்த்திருக்கிறாள். என்ன மூளை இவளுக்கு!

"என்னுதுதான் மொத வெட்டு," என்றான் லாபானா.

விருந்து முடிந்து, மீன் ஊரெங்கும் காய்ந்தது. கப்பல் வருகிற வழியைக் காணோம். ஆனால் எந்திரம் நிற்காமல் ஓடியது; குடும்பத்துக்கு ஒரு வாளி இரண்டானது. தண்ணீர் வரிசையில் லாபானாவுக்கு முன்னால் பெனியெலி நின்றிருந்தான். இரண்டாவது வாளியும் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் திரும்பினான்.

"உன் பன்னி பெருசுதான்யா, ஒத்துக்கறேன். ஆனா என்னத் தோக்கடிச்சது அது இல்ல, உன் பொண்டாட்டி."

"என்னையும்தான் மச்சான்," என்றான் லாபானா. அவனுக்கு வாயெல்லாம் பல்.